காகம் பழகின பால்ரின்

22.9.79, சனி
காற்று விழுந்துவிட்டது. காலையிலேயே வெயில். புரட்டாதி முதற்சனி, எங்கள் இருவருக்கும் விரதம். பிள்ளையார் கோயிலில் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வந்து சமையல். கத்தரிக்காய், பருப்பு, முருங்கையிலை.

தம்பி சவுதியிலிருந்து கொண்டுவந்து தந்த கமராவைக் குசினி யன்னல் கம்பியில் கட்டினேன். முருங்கையில் தொங்கும் சிரட்டைகளில் அரிசிக் குறுணல். புலுனிக் குருவிக் கூட்டம், ஒரே சத்தம். மைனா, கொண்டைக்குருவி. மூன்று படம்.

காகத்துக்குக் கல்லில் படைத்த சோறு மட்டும் அப்படியே. அது தொடாமல் நாங்கள் சாப்பிடுவதில்லை. வேலியில் இருந்து யன்னலையே பார்த்தது, இறங்கவில்லை.

"துவக்கெண்டு நினைக்குது, சுடப்போறீராம். கழட்டுமப்பா, பசி கண்ணைக் கட்டுது" என்றார் இவர்.

கழற்றினேன். வெயில் சாய்ந்த பிறகுதான் வந்து கொத்தியது.

"வாற சனியும் இப்பிடியெண்டால் கமரா அலுமாரிக்குள்ளை. சாவி என்னட்டை." விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சரி. ஒரு கிழமை, ஏழு நாள் இருக்கிறது.

23, ஞாயிறு
பால்மா முடிந்த வெறும் பால்ரின் ஒன்று, தகரம். சட்டிக்கரி பூசி, கமரா இருந்த இடத்தில் வாய் வெளிப்பக்கமாகக் கட்டினேன். காகம் பழகட்டும்.

பக்கத்து வளவு பாக்கியம் அக்கா வேலிக்கு மேலால்: "என்ன பிள்ளை, காகத்துக்குப் படங்காட்டப் போறியோ?"

"ஓம் அக்கா, ரிக்கெற் இல்லை. நீங்களும் வாங்கோ."

25, செவ்வாய்
உழவு மிசின் வரவில்லை என்று இவருக்குப் புறுபுறுப்பு. காகம் வந்தது. ரின்னைச் சரிந்து பார்த்தது, ஒரு வாய், ஓட்டம். போதும்.
பப்பாப்பழத் துண்டுக்கு மாம்பழத்திக் குருவி! என்ன மஞ்சள். ரின்னை வைத்துப் படம் எடுக்கேலுமா.

27, வியாழன்
ரின்னுக்கு மேலே காகம். நின்று அலகு தீட்டியது. இவரிடம் சொல்லவில்லை.
குறுணல் முடிகிறது. நாளை புடைக்க வேண்டும்.

29, சனி
விடிய ரின்னைக் கழற்றி அதே இடத்தில் கமரா. கல்லில் இலை, சோறு, கறி, எள்ளுருண்டை. கா, கா என்று கூப்பிட்டேன். இவர் குசினி வாசலில் சாப்பாட்டுக் கோப்பையோடு குந்தியிருந்தார்.

"வராட்டி?"

"வரும்."

நேரே வந்து கமராவில் ஏறி நின்றது. குனிந்து கண்ணாடியைப் பார்த்தது. உள்ளே நான் மூச்சு விடவில்லை. பிறகு கல்லுக்குப் பாய்ந்தது. விரல் பொத்தானில். ஆனாலும் மூன்று வாய் தின்னும்வரை அழுத்தவில்லை. படைத்தது முதல், படம் பிறகு. அழுத்தினேன். டிக். தலையைத் தூக்கியது. திரும்பவும் தின்றது.

"இனிச் சோத்தைப் போடுமப்பா!"

போட்டுக்கொண்டிருக்கக் காகம் மீண்டும் கமராவில் ஏறி, வெள்ளையாய் ஒரு எச்சம்.

"சனீஸ்வரன்ரை வாகனம் உமக்குக் கூலி தந்திட்டுது." இவருக்கு வாய் நிறையச் சோறு, சிரித்துப் புரையேறிவிட்டது. தலையில் தட்டினேன். அலுமாரிச் சாவியைத் தானே எடுத்துத் தந்தார்.

கமராத் தோலுறை துடைத்தாயிற்று. கண்ணாடியில் படவில்லை. ரின்னைத் திரும்பக் கட்டினேன். புரட்டாதியில் இன்னும் இரண்டு சனி இருக்கிறது.