வெள்ளைக் கார் எல்லாம் டாக்ஸி இல்லை

அப்பா,

சாப்பாடு அடுப்புமேல் இருக்கிறது. என்மேல் இருக்கும் கோபத்தை அதன்மேல் காட்டாமல், சாப்பிட்டுவிட்டுக் கண் டாக்டரிடம் கிளம்புங்கள். சாவி செருப்பு அலமாரி மேல்.

டாக்ஸியை நான் ஆபீஸிலிருந்தே புக் பண்ணுகிறேன். வண்டி நம்பர் உங்கள் போனுக்கு வரும். அதை ஒத்துப்பார்த்த பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். நேற்று நீங்கள் ஏறியது டாக்ஸியே இல்லை. பாவம், கடைக்குள் போன மனைவிக்காகக் காத்திருந்த மனிதர். நீங்கள் பாட்டுக்கு முன் சீட்டில் ஏறி, பெல்ட் போட்டுக்கொண்டு “போலாம் தம்பி” என்றால் அவர் எங்கே போவார்?

இது வெளிநாடு. முந்திக்கொண்டு பெயரைச் சொல்லாதீர்கள். யாரை ஏற்ற வந்தார் என்று டிரைவரைக் கேளுங்கள். உங்கள் பெயர் அவர் வாயிலிருந்து வரட்டும். பின் சீட்டில் உட்கார்ந்தால் அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார். பகலில் நம் வீடு பூட்டிக் கிடக்கும் என்பதை அவரிடம் சொல்ல வேண்டாம்.

ஏறியதும், நான் காட்டிக்கொடுத்த பச்சைப் பட்டனை அழுத்துங்கள். வண்டி போகும் வழி என் போனில் தெரியும். “என்னையே வேவு பாக்கறியா?” என்று நேற்றுக் கத்தியது இதற்காகத்தான், தெரியும். இருந்தாலும் அழுத்துங்கள்.

பி.கு.: அந்த வெள்ளைக் கார்க்காரர், நீங்கள் கொடுத்த என் நம்பருக்குப் போன் செய்தார். உங்கள் குடை அவர் வண்டியில் இருக்கிறதாம். சாயந்திரம் மனைவியோடு வருகிறார், நீங்கள்தான் வீட்டுக்குக் கூப்பிட்டீர்களாம். சாப்பாட்டு மேஜைமேல் வாங்கி வைத்திருக்கும் பிஸ்கட் அவர்களுக்கு.

இன்னொன்று. நான் முதன்முதலில் தனியாகப் பள்ளிக்கூடம் போனபோது, சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒளிந்து ஒளிந்து பின்னால் வந்தீர்கள். எனக்கு அப்போதே தெரியும். நான் கத்தவில்லை.