பத்துக்குப் பத்து

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் இருமல் குறைந்ததா? அம்மா முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொள்கிறாளா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

வாங்கியவர்களெல்லாம் வசதியில் பத்துக்குப் பத்து மார்க் கொடுத்திருக்கிறார்கள் என்று அந்தச் சின்ன சொகுசு எஸ்யூவிக்கு முன்பணம் கட்டப் போவதாகச் சொன்னீர்கள். கட்டாதீர்கள். அவர்களுக்குப் போன் போட்டு அந்தப் பத்தை வாங்குவதே எங்கள் ஆபீஸ்தான்.

நேற்று ஒரு டீச்சரம்மா, "பின் சீட்டுல உக்காந்தா முட்டி இடிக்குதும்மா, அஞ்சு போட்டுக்கோ" என்றார். எங்கள் சூப்பர்வைசர் என் தலையிலிருந்த ஹெட்செட்டைப் பிடுங்கி, "மேடம், பத்துன்னு சொல்லிடுங்க, ஒரு சர்வீஸ் ஃப்ரீ" என்று குழைந்தார். டீச்சரம்மாவும் சிரித்துக்கொண்டே பத்து என்றுவிட்டார். அதோடு மாத டார்கெட் முடிந்ததாம். கைதட்டி கேக் வெட்டி, என் வாயிலும் ஒரு துண்டைத் திணித்தார்கள். வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தேன். மேலே பார்த்தால் அலங்காரம், உள்ளே பார்த்தால் ஓக்காளம்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். பின் சீட்டில் உட்காரவைத்து, குண்டும் குழியுமான ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். யார் கையையும் பிடிக்காமல் அவள் இறங்கினால் வாங்கலாம்.

என் நாற்காலியில் பஞ்சு போய்ப் பலகை முதுகில் குத்துகிறது. அம்மாவின் சின்னத் தலையணையை அனுப்புங்கள். உறையைத் துவைக்க வேண்டாம்.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். நாளெல்லாம் முகம் தெரியாதவர்களிடம் "வசதியா இருக்கா?" என்று கேட்கிறேன். நீங்கள் போனில் என்னைக் கேட்டால் பத்துக்குப் பத்து என்றுதான் சொல்வேன். அதையும் நம்பாதீர்கள்.

உங்கள்
சின்னக்குட்டி