பெற்றோம் என்ற சொல்

மழை பொய்யாத நாடும் தாழாத கொடியும் உடைய அரசி வேண்மாதேவியாரின் ஆணை ஏற்று, முகில்மாடத்துக்கு வரும் மின்னோலைகளைக் காக்கும் ஓலைநாயகி தித்தை, ஆரல்கோட்டைத் தலைவர் விறலனாருக்கு விடுக்கும் பனையோலை. வெள்ளத்துக்குத் தப்பிய உம் குடிகள் நலம் பெறுக. உமக்கு நலம் கூற எனக்கு நாவில்லை. நீர் இழந்த மனைவி எயினி என் தங்கை.

அரச ஆணையின்றி மதகைத் தொடலாகாது என்பது நம் நாட்டு முறை. ஏரிக்கரையில் விரிசல் என்று அவள் மும்முறை எழுதியும் ஆணை ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தீர்.

நம் அவை, பிறர் முகிலில் வாடகைக்குக் கொண்ட மாடத்தில் நடக்கிறது. மின்னல் கொணரும் ஓலைக்கு வாயிலோன் 'பெற்றோம்' என்று முத்திரை தந்தால் மின்னல் போய்விடும். தராவிடில் அதே ஓலையோடு மீண்டும் மீண்டும் வந்து கதவைத் தட்டும். அந்தத் தட்டல் எனக்குத் தலைவலியாயிற்று. ஆகவே ஓலையைப் படிக்கும் முன்பே முத்திரையைக் கொடுத்துவிடுமாறு சென்ற கோடையில் ஆணையிட்டேன். மாடம் அமைதியானது. அரசியார் பாராட்டினார், நானும் மகிழ்ந்தேன்.

எயினி ஒவ்வொரு ஓலையோடும் கரையின் படத்தைச் சேர்த்துக் கட்டியிருந்தாள். கட்டு பெரிது, படிப்பறைச் சாளரத்துள் நுழையவில்லை. மூன்றும், படிக்க இயலாதவற்றைத் தள்ளிவைக்கும் ஒதுக்கறையில் விழுந்தன. மூன்றுக்கும் முத்திரை சென்றது.

வாயிலோன் குமிழனைச் சினந்தேன். ஓலை வந்ததா என்றே அம்மையார் நாள்தோறும் வினவியதாகவும், படித்தார்களா என்று ஒருநாளும் வினவியதில்லை என்றும், தலைவலி தீர்ந்ததா என அறிய விரும்புவதாகவும் அவன் பணிவோடு கூறினான். தண்டிக்க எழுந்த கை தாழ்ந்தது.

பின்னர் ஒதுக்கறையைத் திறந்து படித்தேன். மூன்றாம் ஓலையின் அடியில், பெற்றோம் என்ற அக்காளின் சொல் வந்துவிட்டதால் கரையில் நிற்பவர்களிடம் அஞ்ச வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும், தானும் அவர்களோடு நிற்பதாகவும் எயினி எழுதியிருந்தாள்.

இனி எவ்வோலைக்கும் படித்த பின்னரே முத்திரை தரப்படும். கட்டு பெரிதெனில் படத்தைப் பிரித்துவிட்டு எழுத்தைப் படிக்கக் கடவர். கரையில் விரிசல் கண்டால் மதகுக் காவலர் ஆணைக்குக் காத்திராமல் திறக்கக் கடவர். இது அரசியார் ஆணை. எனக்குரிய தண்டனையை நீரே விதிக்க வேண்டும் என்பதும் அவர் ஆணையே.

இதை மின்னலிடம் தரவில்லை. மனிதர் கையில் அனுப்புகிறேன். என் கை இடும் கடைசி முத்திரை இது. முத்திரை மோதிரமும் உடன் வருகிறது. பெற்றோம் என்று விடுக்க வேண்டாம். படித்தபின், ஏசியேனும் எழுதுக.