பியூலாவின் பதினெட்டு லிட்டர்

நாள் 611. காலை 07:10

செவ்வாய், வடசமவெளிக் குடியிருப்பு. நீர்ப் பொறுப்பாளர் எப்சிபா எழுதுவது. மாதக் கடைசி. மீட்டர் எடுத்தாயிற்று.

இதைக் கண்டெடுப்பவருக்கு எங்கள் நீர்ப் பில்லைப் படிக்கத் தெரிய வேண்டும் என்பதால் ஒருமுறை விளக்கமாக எழுதிவைக்கிறேன். இந்த மாத அளவிலிருந்து போன மாத அளவைக் கழித்தால் அந்த வீடு புழங்கிய லிட்டர் வரும். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு சுத்திகரிப்பியில் ஏறித் திரும்பிவிடும். மீதி ஆறு போனது போனதுதான். சேமிப்புத் தொட்டிதான் அதை ஈடுகட்ட வேண்டும். அதற்குக் கீழே வீட்டிலிருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரி. கைப்பட்டையைக் காட்டினால்தான் குழாய் திறக்கும் என்பதால் யார் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

பத்தொன்பது பேர் இருந்த இடம். போன கப்பலில் பதினாறு பேர் கிளம்பிவிட்டார்கள். எந்திரங்களைப் பார்த்துக்கொள்ள நானும் என் அக்கா பியூலாவும் அத்தான் செல்வினும் தங்கினோம். அடுத்த கப்பல் நாள் 760-இல். அக்கா நாள் 548-இல் பனி தோண்டும் குழியில் மண் சரிந்து இறந்தாள்; குழியும் அதோடு தூர்ந்துபோயிற்று. இப்போது இரண்டு பேர். போன மாதப் பில்லை நான் பார்க்கவில்லை. பார்க்கிற நிலையில் இல்லை.

முதல் வீடு, நான்: 720 லிட்டர். சரி.

நான்காம் வீடு, அத்தான்: 39,690 கழித்தல் 38,460. ஆயிரத்து இருநூற்று முப்பது. ஒற்றை ஆளுக்கு நாளொன்றுக்கு நாற்பத்தொரு லிட்டர். எங்கோ ஒழுகுகிறது.

நாள் 611. 10:25

நான்காம் வீடு எழுநூறு மீட்டர் தள்ளி இருக்கிறது. வானொலியில் அழைத்தேன்.

"அத்தான், எல்லாக் குழாயையும் மூடிட்டு, மீட்டர்ல அந்தச் சின்னச் சிவப்புச் சக்கரம் சுத்துதான்னு பாருங்க."

"அசையல எப்சி. ஆணி அடிச்சது கணக்கா நிக்கி."

கழிப்பறைத் தொட்டியில் பீட்ரூட் பொடி கலக்கச் சொன்னேன். தண்ணீர் விடாமலே கால்மணி நேரத்தில் கீழே சிவந்தால் தொட்டி கசிகிறது என்று அர்த்தம். சிவக்கவில்லை. ஒழுக்கு இல்லை.

நாள் 611. 11:40

பெயர் வரிகளைத் திறந்து பார்த்தேன். ஒரே ஆள்தானே என்று காலையில் பார்க்காமல் விட்டிருந்தேன்.

செல்வின்: 690. பியூலா: 540.

தினமும் 05:40 முதல் 05:48 வரை. குளியலறைக் குழாய். பதினெட்டு லிட்டர். அக்கா வேலைக்குக் கிளம்புமுன் குளிக்கும் நேரம்.

"அத்தான், அக்கா பட்டைய வச்சு யாரு குழாயத் திறக்கது?"



"நான்தான்."

"எதுக்கு?"

"ரெண்டு மாசம் சேந்தாப்ல சைபர் வந்தா பேர எடுத்திரும்லா. பில்லுல செல்வின், பியூலான்னு ரெண்டு பேரும் சேந்து வருது எப்சி. வேற எதுலயும் இப்ப அப்படி வரது இல்ல."

அந்த விதியை எழுதியது நான். ஊரைவிட்டுப் போனவர்களின் பெயர்கள் பட்டியலில் தங்கிவிடக் கூடாது என்று முதல் வருடம் எழுதினேன்.

நிறுத்தச் சொல்லவில்லை. பதினெட்டில் ஒரு லிட்டர்தான் உண்மையான இழப்பு, தாங்கும். அறிக்கையில் 'சிறு ஒழுக்கு, கவனிக்கப்படுகிறது' என்று எழுதினேன். நான் எழுதிய முதல் பொய்.

நாள் 634. 05:50

இப்போதெல்லாம் ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது. திரையோடு புதிதாக இணைத்த நான்காம் வீட்டு மீட்டரைப் பெரிதாக்கி வைத்துக்கொள்கிறேன். 05:40-க்குச் சக்கரம் சுற்றத் தொடங்குகிறது. எட்டு நிமிடம். பூமியில், சின்ன வயதில், அக்கா ஈரத் தலையோடு வந்து என் படுக்கையில் உட்கார்ந்து என்னை எழுப்புவாள். தலையணை நனைந்துவிடும். நான் திட்டுவேன். சக்கரம் நிற்கும்வரை அவள் குளித்துக்கொண்டிருக்கிறாள்.

இது நீர்ப் பதிவேட்டில் எழுதக்கூடிய விஷயம் இல்லை. இருக்கட்டும்.

நாள் 655. 16:30

சுத்திகரிப்பியின் சவ்வு கிழிந்துவிட்டது. மாற்றுச் சவ்வு இல்லை. ஒட்டிப் பார்த்தேன், நிற்கவில்லை. இனி நூற்றுக்கு எழுபதுதான் திரும்பும்.

பூமியிலிருந்து வந்த பதில்: "கப்பலின் தேதியை முன்னால் கொண்டுவர இயலாது. வருந்துகிறோம்."

தொட்டியில் 960 லிட்டர். கப்பலுக்கு 105 நாள். இப்போதைய புழக்கத்துக்கு ஐம்பது நாள்கூட வராது. ஆளுக்குப் பதினைந்து லிட்டர் என்று வைத்தால், திரும்பாத நூற்றுக்கு முப்பது கணக்கில் 945 போகும், பதினைந்து மிஞ்சும். வேறு வழியில்லை.

குளிக்க அரை வாளி, ஒரு கோப்பை. பாத்திரத்தை முதலில் துணியால் துடைத்துவிட்டு ஒரே அலசல். அலசிய தண்ணீர் கழிப்பறைக்கு. பல் தேய்க்கும்போது குழாய் மூடியிருக்க வேண்டும்.

நாள் 655. 17:05

"அக்கா வரி இனிமே முடியாது அத்தான். வீட்டுக்குப் பதினஞ்சுதான். அதுக்கு மேல வால்வே விடாது."

"ம்."

"கேக்குதா?"

"கேக்கு எப்சி. நான் பாத்துக்கிடுதேன்."

நாள் 660. 06:00

நான்காம் வீடு: 15.0. அத்தான் சொன்ன சொல் தவறவில்லை. சக்கரம் இன்னும் 05:40-க்குத்தான் சுற்றுகிறது, ஆறு நிமிடம் சொச்சம். அவர் அந்த நேரத்துக்குக் குளிக்கப் பழகிவிட்டார் போலிருக்கிறது.

அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

நாள் 668. 18:15

அத்தான் குரல் கரகரப்பாக இருக்கிறது. கேட்டதற்குத் தூசி என்றார்.

"தண்ணி குடிக்கீங்களா?"

"குடிக்கேன் புள்ள. எனக்கென்ன."

நாள் 671. 07:20

மாதக் கடைசி. வரிகள் அச்சாகின. கட்டுப்பாடு வந்த பிறகான பதினாறு நாள்:

பியூலா: 230. செல்வின்: 10.

பத்து. பதினாறு நாளைக்குப் பத்து லிட்டர். சமைக்கவும் குடிக்கவும் எல்லாவற்றுக்கும்.

மொத்தம் சரியாக இருந்ததால் ஒரு நாள்கூட நான் வரிகளைத் திறக்கவில்லை. நீர்ப் பொறுப்பாளர். பில் படிக்கத் தெரிந்தவள்.

நாள் 671. 07:41. தலைக்கவச வானொலிப் பதிவு

"அத்தான், வந்துட்டிருக்கேன். பேசிக்கிட்டே இருங்க."

"ஓடாத. கீழ விழுந்துருவ."

"அந்தத் தண்ணியையாவது புடிச்சுக் குடிச்சிருக்கலாம்லா? அவ்வளவும் ஒங்க கண்ணு முன்னாலதான ஓடிச்சி?"

"அது அவளுக்கு உள்ளது எப்சி. அதுல கை வைக்க எனக்கு மனசு வரல."

"அவ இல்ல அத்தான்!"

"தெரியும்."

"அவ இருந்தா இதுக்கு விட்டுருப்பாளா?"

"விட்டுருக்க மாட்டா. ஏசுவா." பிறகு: "ஏசினா நல்லாருக்கும்."

நாள் 671. 09:30

குளியலறை வாசலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உள்ளே தரை ஈரம். அவர் உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. இரண்டு நாளாகச் சிறுநீர் இல்லை. உப்பு நீர் ஏற்றுகிறேன். மருத்துவ எந்திரம் சிறுநீரகம் இரண்டும் சிவப்பு என்கிறது. ரத்தத்தைச் சுத்தம் செய்யும் கருவி போன கப்பலோடு போய்விட்டது.

என் பங்கு பதினைந்தையும் அவருக்கே ஒதுக்கினேன். இப்போது ஒதுக்கி என்ன.

நாள் 674. 05:50

ஐந்தரைக்கு அத்தான் இறந்துவிட்டார். கையைப் பிடித்திருந்தேன்.

பத்து நிமிடம் கழித்துக் குழாய் திறக்கவில்லை. அந்த வீட்டில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை.

நாள் 675. 14:00

அக்கா பக்கத்தில் புதைத்தேன். மண் கல்லாக இறுகிக் கிடந்தது. நாலு மணி நேரம் ஆயிற்று.

திரும்பி வந்தபோது திரையில் தானியங்கிச் செய்தி: "குடியிருப்பின் நீர்ப் பயன்பாடு குறைந்துள்ளது. கப்பல் வரும்வரை இருப்பு போதுமானது. கட்டுப்பாடு நீக்கப்பட்டது. உங்கள் சிக்கனத்துக்கு நன்றி."

இனி நாளொன்றுக்கு எனக்கு முப்பது லிட்டர் வரை. ஷவரில் குளிக்கலாம்.

நாள் 676. 05:40

குளிக்கவில்லை. திரையின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். சக்கரம் நிற்கிறது.

பட்டியலின் விதிகளைத் திறந்தேன். பதினேழாவது விதி: இரு மாதம் பயன்பாடு இல்லாத பெயர் நீக்கப்படும். ஒரே வரி. தேர்ந்தெடுத்து அழித்தேன். உறுதியா என்று கேட்டது. ஆம். முடிந்தது. இனி எந்தப் பெயரும் போகாது. செல்வின், பியூலா. சைபர், சைபர். கப்பல் வந்தாலும் அப்படியே இருக்கும்.

நாற்பது விநாடி ஆயிற்று.

இதைக் கண்டெடுப்பவருக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாள் 611-இலேயே இது எனக்குத் தோன்றியது. அன்றே அழித்திருந்தால், பேர் எங்கயும் போகாது அத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மறுநாளே அவர் குழாயை மூடியிருப்பார். சவ்வு கிழிந்தபோதும் தோன்றியது. விரல் அந்த வரியின் மேல்தான் இருந்தது.

ஆனால் அவர் மூடிவிட்டால் காலையில் சக்கரம் சுற்றாது. எனக்கு அந்த எட்டு நிமிடம் வேண்டியிருந்தது. அதனால்