விளக்கு எரிந்தால் பாஸ்

இன்று காலை கீபோர்டைத் துண்டில் சுற்றி வைக்கும்போது குப்பென்று கருவாட்டு வாடை. மூன்று வருடமாக நீ எலுமிச்சை போட்டுத் துடைத்தும் போகாத வாடை. சாம்பிராணி வாடையில் உன்னை நினைத்து அழுதால் பார்ப்பவர்களுக்கும் ஒரு மரியாதை இருக்கும். கருவாட்டு வாடையில் எப்படி அழுவது? சிரிப்புதான் வந்தது. அப்புறம் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நேற்று கோயிலில் நவராத்திரி மூன்றாம் நாள். நம் நாள். நீ இல்லாத முதல் வருடம். என்ன நடந்தது என்று உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்கு இன்று சோறு இறங்காது.

இதற்கெல்லாம் காரணம் கரையான். மூன்று வருடத்துக்கு முன் நம் பஜனைக் குழுவின் ஆர்மோனியத்தைக் கரையான் தின்றுவிட்டது என்று தெரிந்ததும் கோயில் தலைவர் வந்து, வெறும் ஜால்ராவை வைத்துக்கொண்டு பாடுவதானால் மூன்றாம் நாளைப் பக்கத்து ஊர் குருண் குழுவுக்குக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். அன்று உன் முகத்தை நான் பார்த்தேன். வருடம் முழுவதும் ஃபேக்டரியில் முகமூடி போட்டுக்கொண்டு நின்றவளுக்கு வாய் திறந்து பாட இருந்தது அந்த ஒரு மாலைதான். "அந்த நாள விட மாட்டேன்டி, பாத்துக்கோ," என்றாய்.

சுங்கைப் பட்டாணி டவுனில் இரண்டு கடை ஏறி இறங்கினோம். ஆர்மோனியத்தின் விலையைக் கேட்டு நீ கடைக்காரரிடமே தண்ணீர் வாங்கிக் குடித்தாய். கீபோர்டு விலை அதைவிட மோசம். வெளியே வந்து கோப்பிக்கடையில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான், பழைய சாமான் விற்கும் பக்கத்தில் அது கண்ணில் பட்டது. 'மிடி கீபோர்டு' என்று போட்டிருந்தார்கள். விலையோ கால்வாசிகூட இல்லை. ஏன் இவ்வளவு மலிவு என்று கேட்டேன். "சின்னதா இருக்குல்ல, அதான் லா," என்று நீ முடித்துவிட்டாய்.

விற்றவர் கோத்தா கோலா மூடாவில் கருவாடு காயப்போடும் மலாய்க்காரப் பெரியவர். மகன் கோலாலம்பூருக்குப் போனதும் அவனுடைய கீபோர்டைக் கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவில் வைத்திருந்தார். போன் சார்ஜர் வயரைச் சொருகினார். ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

அங்கேதான் நாம் விழுந்தோம். பதினெட்டு வருடம் நீயும் நானும் ஃபேக்டரியில் சோதனை லைனில் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள். சர்க்யூட் பலகையைச் சொருகு, பச்சை விளக்கு எரிந்தால் பாஸ், அடுத்ததை எடு. நாளெல்லாம் அதே வேலை. அன்றும் நீ கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாய், பின்பக்கம் திருப்பி ஸ்க்ரூவை எண்ணினாய், விளக்கை இன்னொரு முறை பார்த்தாய். என் பக்கம் திரும்பி, "பாஸ்," என்றாய். சத்தம் வருகிறதா என்று நாம் இருவருமே கேட்கவில்லை. லைனில் எந்தப் பலகை நம்மிடம் பாடிக் காட்டியது?

பெரியவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. இதற்கு லேப்டாப் வேண்டும் என்று மலாயில் இரண்டு முறை சொன்னார். நீதான், மகளிடம் லேப்டாப் இருக்கிறது என்று பெருமையாகத் தலையாட்டினாய். லேப்டாப்பைப் பார்த்து வாசிக்கப் பழகுவதற்கு என்று நினைத்துக்கொண்டாயாம். பேரம் பேசி அரைக் கிலோ நெத்திலிக் கருவாடும் சும்மா வாங்கிக்கொண்டு வந்தாய்.

வீட்டில் விளக்கு எரிந்தது, சத்தம் வரவில்லை. பின்னால் இருந்த ஒரு ஓட்டையில் ஸ்பீக்கர் வயரைச் சொருகினாய். அது கால் பெடலுக்கான ஓட்டையாம். கடைசியில் பினாங்கில் படித்துக்கொண்டிருந்த உன் மகளுக்குப் போன் போட்டோம். "மா, அது வெறும் கட்டை மா. சத்தமெல்லாம் லேப்டாப்புக்குள்ள இருக்கு," என்றாள். அவளும் லேப்டாப்பும் தீபாவளிக்குத்தான் வருவார்கள். நம் நாளுக்கு இரண்டே நாள் இருந்தது.

நான் தலைவரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். நீ சேலைக்கு மாட்சிங் வளையல் தேடிக்கொண்டே, "விளக்கு எரியுதுல்ல? சும்மா வா," என்றாய்.

கோயிலில் நீ உட்கார்ந்த தோரணையை இன்னும் மறக்க முடியவில்லை. கட்டைகளுக்கு மஞ்சள் குங்குமம், ஓரத்தில் பச்சை விளக்கு. என் போனில் சுருதி ஓடி ஸ்பீக்கரில் ங்ஙொய் என்று கேட்டுக்கொண்டிருந்தது. அதன்மேல் நீ ஆர்மோனியத்தில் வாசிப்பதுபோலவே பத்துப் பாட்டையும் சத்தமில்லாமல் வாசித்தாய். நடுவில் ஒரு இடத்தில் விரல் தவறி நாக்கைக்கூடக் கடித்துக்கொண்டாய். சத்தமே வராத கட்டையில் தப்பு வாசித்ததற்கு! ஜால்ராவால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தேன். தலைவர் வந்து, மியூசிக் அளவாக இருந்தது, பாட்டை அமுக்கவில்லை என்று உனக்குப் பொன்னாடை போர்த்தினார்.

அடுத்த இரண்டு வருடமும் மகள் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தாள். நிஜமாகவே சத்தம் வந்தது. புல்லாங்குழல், வயலின் எல்லாம் அந்தக் கட்டையிலிருந்தே வந்தன. இரண்டு வருடமும் தலைவர் சொன்னது ஒன்றே: "மொத வருஷம் மாதிரி இல்லமா. சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி."

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது உன்னால் அதிகம் பேச முடியவில்லை. கட்டிலருகே இருந்த மெஷினைக் கண்ணால் காட்டினாய். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "பாஸ்டி," என்றாய். நானும் பாஸ் என்றேன். நாம் விளக்கை நம்பி ஏமாந்தது அது இரண்டாவது முறை.

போன மாதம் உன் மகள் கீபோர்டைக் கொண்டுவந்து, அம்மா என்னிடம்தான் கொடுக்கச் சொன்னார் என்றாள். அவளுக்கு இப்போது ஜொகூரில் வேலை, லீவு இல்லை. லேப்டாப்பையும் விட்டுப் போகட்டுமா என்று கேட்டாள். ஒரு பாட்டும் வாசிக்கத் தெரியாதவளுக்கு லேப்டாப் எதற்கு? அடுத்த வாரமே தலைவர் வந்தார். நீ இல்லாமல் குழு எப்படி, குருணிலிருந்து மறுபடி கேட்கிறார்கள் என்று இழுத்தார். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ, நான் வாசிப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று உன் இடத்தில் உட்கார்ந்தேன். சார்ஜர் வயர், மஞ்சள் குங்குமம், பச்சை விளக்கு, போனில் சுருதி. நம் குழுப் பெண்கள் எல்லாருக்கும் விஷயம் தெரியும். ஒருத்தியும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. முதல் பாட்டுக்கு எந்த விரலை எங்கே வைப்பது என்று தேடினேன். அப்புறம் அதுவாகவே போனது. இத்தனை வருடம் பக்கத்தில் ஜால்ரா தட்டிக்கொண்டு உன் விரல்களைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்? எந்த வரிக்கு உன் சுண்டுவிரல் நீளும், எங்கே நீ கையை எடுத்து வளையலை மேலே தள்ளுவாய் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். என் கையில் வளையல் இல்லை. அந்த இடத்தில் நானும் தள்ளினேன்.

பூஜை முடிந்து தலைவர் வந்தார். கொஞ்ச நேரம் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தம்மா மொத வருஷம் வாசிச்ச மாதிரியே இருந்துச்சுமா. மூணாம் நாள் உங்களுக்குத்தான்," என்றார். அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை.

நான் வாசித்தது சரியா தப்பா என்று சொல்லச் சத்தம் இல்லை. விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பாஸ் என்று எடுத்துக்கொண்டேன்.