முதலிடத்தில் மூன்று ஏ

பிப்ரவரி 3, திங்கள்

அம்மாவின் மாவுக்கட்டைப் பிரித்து பதினோரு நாள் ஆகிறது. கை முறிந்ததிலிருந்து என் வீட்டில்தான் இருக்கிறாள். மணிக்கட்டு எலும்பு கூடிவிட்டதாம். ஆனால் வலது கை விரல்கள் மடங்கவில்லை. பிசியோதெரபி செய்யும் பெண் கொடுத்த பஞ்சுப் பந்து அலமாரியில் சும்மா கிடக்கிறது. “நான் என்ன பச்சைக் குழந்தையா, பந்தை அமுக்கிட்டு உக்கார?” என்கிறாள்.

அந்தப் பெண் இன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “இன்னும் ஆறு வாரம் இப்படியே விட்டா விரல் விறைச்சுப் போயிடும். அப்புறம் பூட்டுல சாவியைக்கூடத் திருப்ப முடியாது. தனியா இருக்கறதை மறந்துட வேண்டியதுதான்.”

அம்மாவிடம் சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டே, “அப்போ என் வீட்டைக் காலி பண்ணிடு” என்றாள். இருபத்தெட்டு வருடமாக அவள் இருக்கும் வீடு. கோபத்தில் கத்தியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 8, சனி

அம்மா வீட்டில் மூட்டை கட்டப் போனேன். ஒரு வேலையும் நடக்கவில்லை. காரணம் டப்பா.

பீரோவின் கீழ்த்தட்டில், பழைய போர்வைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். கையில் பிடித்து ஆடும் எங்கள் பழைய வீடியோ கேம் டப்பா! அண்ணனும் நானும் இதற்காக ஒருவர் முடியை ஒருவர் பிய்த்திருக்கிறோம். கடைக்கு ஓடி நான்கு பேட்டரி வாங்கி வந்து போட்டேன். திரை பச்சையாக விழித்தது. அந்த ‘டிங்’ சத்தம்! தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே இருந்தது அந்த ஒரே ஒரு ஆட்டம்தான். மேலிருந்து கட்டைகள் விழும், திருப்பித் திருப்பி அடுக்க வேண்டும், ஒரு வரிசை நிறைந்தால் மறைந்துவிடும். ஆட்டம் முடிந்ததும் மதிப்பெண் பட்டியல். பெயருக்கு மூன்று ஆங்கில எழுத்து, ஒரு பெயருக்கு ஒரு இடம். இருபத்தாறு வருடமாக யாரும் தொடவில்லை, ஆனாலும் அப்படியே இருந்தது! மூன்றாவது அண்ணன். இரண்டாவது நான். முதலிடத்தில் மூன்று ஏ: 1,87,340.

மூன்று ஏ என்றால் மெஷின். அண்ணன்தான் சொன்னான்: “அது கம்பெனிக்காரன் போட்டு வச்சது.” இரண்டு தடவை நான் அதை முந்தினேன். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் மெஷின் மறுபடியும் மேலே நிற்கும். “நாம தேறத் தேற அதுவும் தேறுதுடி” என்றான். அவன் சொன்னால் எனக்கு அதுவே சட்டம்.

பிப்ரவரி 10, திங்கள்

நேற்று பட்டியல் ஒருமுறை மங்கி மங்கி வந்தது. இன்று மதிய இடைவேளையில், நான் வேலை செய்யும் கண்ணாடிக் கடையிலேயே, டப்பாவில் செருகியிருந்த கேம் அட்டையைத் திறந்துவிட்டேன். மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி முடுக்கும் எனக்கு இதெல்லாம் ஒரு வேலையா? உள்ளே பொட்டு அளவுக்கு ஒரு பேட்டரி. மதிப்பெண்ணை இத்தனை வருடம் ஞாபகத்தில் வைத்திருந்தது அந்தப் பொட்டுதான் என்று பக்கத்துக் கடையில் செல்போன் பழுது பார்ப்பவர் சொன்னார். என்ன பிடிவாதம் அதற்கு! கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

“மாத்தினா உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சிடும். பரவாயில்லையா?”

என்னுடையதையும் அண்ணனுடையதையும் தாளில் எழுதிக்கொண்டு, “மாத்துங்க” என்றேன். மெஷினுடையதை எழுதவில்லை. மெஷின்தான் தானாக வந்துவிடுமே.

வரவில்லை. பட்டியல் முழுக்க வெறும் கோடு, பூஜ்யம்.

அப்படியென்றால் மூன்று ஏ யார்?

அதே நாள், சாயங்காலம்

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“நீதானேடா அது?”

“அது நீதான்னு நான் ஒரு தடவை சந்தேகப்பட்டேன். அப்புறம் நீ அவ்வளவு நல்லா ஆட மாட்டேன்னு விட்டுட்டேன்.”

பெயர் கேட்கும்போது எதையும் மாற்றாமல் பொத்தானை அமுக்கினால் மூன்று ஏ என்றுதான் விழும். பெயர் போட அக்கறையில்லாத ஒரு ஆள். நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது வீட்டில் இருந்த ஆள். “அம்மாவாடா?” என்றேன்.

“போடி,” என்றான். “அதை சனியன்னு திட்டுவாங்களே!”

அந்தக் காலத்தில் பேட்டரி ஏன் அவ்வளவு சீக்கிரம் தீர்ந்தது என்றும் இப்போது புரிகிறது.

பிப்ரவரி 11, செவ்வாய்

காலையில் டப்பாவை அம்மாவுக்கு எதிரே மேசையில் வைத்தேன்.

“இது இன்னும் இருக்கா? எடுத்துட்டுப் போ.”

“ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரத்து முந்நூத்து நாப்பது” என்று மட்டும் சொன்னேன்.

தலையைத் திருப்பாமல் சொன்னாள்: “அன்னிக்கு மீட்டர் பாக்க வந்தவன் பெல் அடிச்சுட்டான். இல்லேன்னா ரெண்டு லட்சம் போயிருக்கும்.”

அப்போது அம்மாவுக்கு இரவு ஷிப்ட், தபால் பிரிக்கும் வேலை. அவள் வந்ததும் நாங்கள் கிளம்புவோம். அவள் தூங்குவாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். “தூக்கம் எங்க வரும்? அங்க எவ்வளவு பிரிச்சாலும் மேசை காலியாகாது. அடுத்த மூட்டையைக் கொட்டுவான். இதுல ஒரு வரிசை நிறைஞ்சா போயிடும் பாரு, அதைப் பாத்தாத்தான் மனசு அடங்கும்.”

முப்பத்தாறு வயதில், தனியாக இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, காலை எட்டரை மணிக்கு மேல் அந்த வீட்டில் எனக்குத் தெரியாத ஒருத்தி இருந்திருக்கிறாள். எங்களைவிடக் கெட்டிக்காரி. வியப்பு தாங்கவில்லை. அவள் எடுத்த மதிப்பெண்ணைத்தான் நேற்று நான் அழித்துவிட்டு வந்திருக்கிறேன்.

சொல்லிவிட்டேன். “மாத்தினதுல எல்லாம் போச்சும்மா. மன்னிச்சிடு.”

“எல்லாமா?” டப்பாவைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். “குடு இங்க.”

பிப்ரவரி 12

180 மதிப்பெண். கட்டையைத் திருப்பும் பொத்தான் வலது பக்கம். கட்டைவிரல் அதை எட்டவே இல்லை. எல்லாம் விழுந்தபடி விழுந்து குவிந்தது. உதவப் போன என் கையில் ஒரு அடி. இடது கையால்தான்.

பிப்ரவரி 15

1,120. கட்டைவிரல் எட்டுகிறது, அமுக்க வரவில்லை. அழுதாள். வலியிலா, ஆத்திரத்திலா, தெரியவில்லை. நான் டப்பாவை எடுத்து ஒளித்து வைத்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு, “எங்க வச்சே?” என்றாள்.

பிப்ரவரி 24

9,760. விரல்கள் டப்பாவைச் சுற்றி மடங்குகின்றன! பிசியோ பெண் வாயைப் பிளந்தாள். “பந்தை விடுங்க, இதையே பண்ணட்டும். ஆனா அரை மணிக்கு ஒரு தடவை நிறுத்திக் கையை நீட்டணும்.” நிறுத்தச் சொன்னால் அம்மா என்னை முறைக்கிறாள். முன்பு நாங்கள் அவளை முறைத்த அதே முறைப்பு.

மார்ச் 6, வியாழன்

இன்று பக்கத்தில் உட்கார்ந்து அவள் ஆடுவதைப் பார்த்தேன். கட்டை திரையில் தலைகாட்டியதுமே அது போக வேண்டிய இடத்தை அவள் கண் பார்த்துவிடுகிறது. முப்பது வருடம் தபால் பிரித்த கண். இப்படிப்பட்ட ஒரு ஆளையா நான் ஒரு மாதமாக ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தேன்?

64,200.

மார்ச் 9

அம்மா வீட்டில் கட்டிய மூட்டைகளைப் பிரித்து, எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். யாரும் சொல்லவில்லை. நானாகத்தான்.

மார்ச் 23, ஞாயிறு

அம்மாவைக் கொண்டுபோய் விட்டேன். வாசலில் சாவியை எடுத்தேன். பிடுங்கிக்கொண்டாள். வலது கையால் நுழைத்துத் திருப்பினாள். திரும்பவில்லை. நான் கையை நீட்டினேன்.

“தள்ளி நில்லு.”

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி திருப்பினாள். எனக்கு என் விரல்கள் வலித்தன. பூட்டு திறந்தது.

உள்ளே போய் ஜன்னலைத் திறந்தாள், மின்விசிறியைப் போட்டாள், அடுப்பில் தண்ணீர் வைத்தாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றிருந்தேன்.

“ஏன் நிக்கறே? வந்து உக்காரு, டீ போடறேன்” என்றாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு, விருந்தாளியாகப் போய் உட்கார்ந்தேன்.