பங்கு போட்ட மருந்து

ஜவ்வாது மலை
14.10.1984

அன்பு மகள் காந்தாவுக்கு அப்பா எழுதுவது. மலையில் நானும் உன் அம்மாவும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பதாகவே எண்ணிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, பதில் எழுத மனம் வரவில்லை. நம் நாய் செவலை பிழைக்காது போலிருக்கிறது.

ஆவணிக் கடைசியில் சாமைக் கொல்லையில் காட்டுப்பன்றி இறங்கியது. ஊர் நாய்கள் சேர்ந்து மடக்கியதில் செவலையோடு இன்னும் சில நாய்களையும் பன்றி கிழித்துவிட்டது. செவலைக்குத் தொடையில் காயம், சீழ் பிடித்து உடம்பு அனலாகக் கொதித்தது. மூட்டை ஏற்றிப்போன லாரியில் அதை மடியில் கிடத்திக்கொண்டு செங்கம் மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் நல்ல மனிதர். காயத்தைக் கழுவிக் கட்டி ஒரு வாரத்துக்கு மாத்திரை கொடுத்து, "ரெண்டு வேளையும் கொடுங்க சார், எழுந்து ஓடுதேன்னு நடுவுல நிறுத்திடாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். மறுநாள் பென்ஷன் விஷயமாக நான் கலசப்பாக்கம் போக வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் தசரதன் வீட்டுக்கு வந்திருக்கிறார். வேட்டைக் கறியை வீட்டுக்கு ஒரு கூறு, நாய்க்கு ஒரு கூறு என்று பிரித்து வைப்பவர் அவர்தானே. "இன்னாம்மா, ஒரே பன்னிக்கு எதுர்ல நின்ன நாய்ங்க. கறின்னா எல்லாத்துக்கும், மருந்துன்னா வாத்தியார் வூட்டு நாய்க்கு மட்டுமா?" என்று கேட்டாராம். இத்தனை வருஷம் அவர் கையால் கூறு வாங்கியவள் உன் அம்மா, எப்படி இல்லையென்பாள்? எடுத்துக் கொடுத்துவிட்டாள். தசரதன் நாய்க்குக் கொஞ்சம், பாஞ்சாலை நாய்க்குக் கொஞ்சம் என்று போயிருக்கிறது. மணியம்மாள் தன் பூனைக்குக் கண்ணில் பீளை தள்ளுகிறது என்று ஒன்றை வாங்கிப்போய்ப் பாலில் கலக்கி வைக்க, அது முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டதாம். "படிச்ச பூனைடி உன்னுது" என்று பாஞ்சாலை கேலி செய்தாளாம். ஊரில் பாதிப் பேருக்கு வகுத்தல் கணக்கு சொல்லிக்கொடுத்தவன் நான். திரும்பி வந்து பார்த்தபோது மீதியில்லாமல் வகுத்திருந்தார்கள்.

முதலில் எல்லா நாய்களும் எழுந்து திரிந்தன, காயம் மேலே மூடிக்கொண்டது. "பாத்தீங்களா வாத்தியாரே, பிரிச்சுக் கொடுத்ததுல எல்லாம் பொழைச்சுதுங்க" என்று தசரதன் சிரித்தார், நானும் கூடச் சிரித்தேன். பிறகுதான் மூடிய தோலுக்கு அடியில் வீக்கம் கண்டது. பாஞ்சாலையின் நாய் கொல்லைக் குடிசையிலேயே செத்துப்போயிற்று, அவள் இப்போது துணையில்லாமல் தனியாகத்தான் பன்றிக் காவல் இருக்கிறாள். செவலையை மறுபடி செங்கத்துக்குத் தூக்கிப்போனேன். டாக்டர் கீறிச் சீழை எடுத்தார். அந்த மாத்திரையையே மறுபடி முழுசாகக் கொடுத்துப் பார்த்தும் பலனில்லை. "மத்த நாய்ங்களுக்கும் காயம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அதுங்களுக்கும் சேத்தே கொடுத்திருப்பேனே சார்" என்றார்.

ஊராரைக் கூட்டி டாக்டர் விளக்கியதைச் சொல்லிப் பார்த்தேன். சாமைக் கொல்லையில் களை எடுக்கும்போது கைக்கு இளசாக வருவதை மட்டும் பிடுங்கிவிட்டு, வேர் விட்ட அறுகம்புல்லை விட்டுவந்தால் அடுத்த மழைக்குக் கொல்லை யாருக்குச் சொந்தம்? பாதி மருந்தும் அப்படித்தான், எளிதில் சாகிற கிருமி செத்துவிடுகிறது, மருந்துக்கு அசையாதது இடம் பிடித்துக்கொள்கிறது என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பாஞ்சாலை மட்டும், "அப்போ எங்க நாய் சாவட்டும்னு வுட்டிருக்கணுமா வாத்தியாரே?" என்று கேட்டாள்.

டாக்டர் எழுதிக்கொடுத்த வேறு மருந்தை வேலூரிலிருந்து வரவழைத்தேன். கிடைத்ததே ஒரு நாய்க்குத்தான் காணும். முந்தாநாள் தசரதன் மறுபடி வந்து வாசலில் நின்றார், அவர் நாயும் படுத்துவிட்டது. உன் அம்மா மருந்துப் பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பாதி கொடுத்தால் இரண்டும் சாகும், உங்கள் நாயைத் தூக்குங்கள், செங்கத்துக்கு நானும் கூட வருகிறேன் என்றேன். "தூக்குற நெலமைல இல்ல வாத்தியாரே. உங்க வூட்டுதாவது பொழைக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நேற்று அவர் நாயைப் புதைத்தார்கள். நான் போனபோது யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்படிக் காத்த மருந்தைத் தவறாமல் செவலைக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். இன்று காலை முதல் கேழ்வரகுக் கூழைக்கூட நக்கவில்லை, மாத்திரையை வாயில் வைத்தால் வழிந்து வெளியே வந்துவிடுகிறது. உன் அம்மா சீழ் பட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும், மறுபடி அதன் பக்கத்தில் போய் உட்காருவதுமாக இருக்கிறாள்.

குழந்தைக்குக் காதில் சீழ் என்று எழுதியிருந்தாயே, கொடுத்த மருந்தை டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் கொடு, பக்கத்து வீட்டில் கேட்டால் அவர்கள் குழந்தையை டாக்டரிடம் நீயே அழைத்துப் போ. மாப்பிள்ளைக்கு என் அன்பு, மூவருக்கும் எங்கள் ஆசீர்வாதம், எந்தக் குறையும் உங்களை அண்டாமல் இருக்கட்டும். அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. அதில் செவலையைப் பற்றி மட்டும் விசாரிக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா
சக்கரவர்த்தி